குதிரைக்குட்டி பிறக்கும் முன் இடத்தைத் தயார்செய்தல்: கடலூர், புதுச்சேரிப் பகுதியில் முதன்முறை வளர்ப்போருக்கு

நம் பகுதியில் முதன்முறையாகக் குதிரை வளர்க்க முன்வருபவர்களில் பலர், என்னைப் போலவே, மாட்டுத் தொழுவத்தில் கைபழகியவர்கள். அந்தியூர்ச் சந்தையிலிருந்து ஒரு பெண் குதிரையைப் பிடித்து வந்து, அது சினையாக இருப்பது தெரிந்ததும், கன்றுக்குட்டிக்குச் செய்யும் ஏற்பாடே இதற்கும் போதும் என்று இருந்துவிடுகிறார்கள். பாகூருக்கு அருகில் உள்ள எங்கள் தோட்டத்தில் முதல் குட்டி பிறந்தபோது நானும் அப்படித்தான் நினைத்தேன். அந்த நினைப்பால் குட்டிதான் துன்பப்பட்டது. அதை வேலியைப் பற்றிச் சொல்லும் இடத்தில் எழுதுகிறேன்.

கன்றை ஒரு முளையில் கட்டிவிட்டுத் தாயை மேய்ச்சலுக்கு ஓட்டிவிடலாம். காலையும் மாலையும் ஊட்டவிட்டால் அது வளர்ந்துவிடும். குதிரைக்குட்டி அப்படிப்பட்டதன்று. பிறந்த ஒரு மணி நேரத்துக்குள் எழுந்து நிற்கும், அன்றைக்கே தாயின் விலாவை ஒட்டி ஓடும், முதல் வாரத்தில் மணிக்கு ஐந்து முதல் ஏழு முறை பால் குடிக்கும், தாயை விட்டு ஒரு நாழிகையும் பிரிந்திருக்காது. எதையாவது கண்டு மிரண்டால் முதலில் ஓடும். எதைக் கண்டு மிரண்டோம் என்பதை ஓடி முடித்த பிறகுதான் திரும்பிப் பார்க்கும். ஆகவே கன்றுக்குப் படுக்க இடம் பார்க்கிறோம் என்றால், குதிரைக்குட்டிக்கு ஓட இடம் பார்க்க வேண்டும். கீழே சொல்லும் ஒவ்வொரு படியும் இந்த ஒரு வேறுபாட்டிலிருந்து வருவதுதான்.

முதல் படி: நாள் கணக்கு

குதிரையின் சினைக்காலம் ஏறத்தாழ 11 மாதம். சராசரியாக 340 நாள் என்று குறித்துக்கொள்ளலாம். 320 நாளில் ஈனுவதும் உண்டு, ஒரு வருடத்தைத் தொட்டுவிடுவதும் உண்டு. இனச்சேர்க்கையை நாமே தீர்மானிக்கும் நிலையில் இருந்தால், மாசி, பங்குனி மாதங்களில் சேர்ப்பது நம் கரைக்கு ஏற்றது. அப்போதுதான் வடகிழக்குப் பருவமழையும் புயல்களும் ஓய்ந்து, நிலம் காய்ந்து, வெயில் ஏறாத தை, மாசியில் குட்டி பிறக்கும். ஐப்பசி, கார்த்திகையில் பிறக்கும் குட்டியை வளர்க்க முடியாது என்பதில்லை. ஆனால் புதியவர்களுக்கு அந்தச் சோதனை வேண்டாம் என்பது என் கருத்து.

இடத்தைத் தயார்செய்யும் வேலையை ஈனும் நாளுக்குக் குறைந்தது இரண்டு மாதம் முன்பே தொடங்கிவிட வேண்டும். தாய்க்குதிரையை வேறு ஊரிலிருந்தோ வேறு கொட்டிலிலிருந்தோ கொண்டுவருவதாக இருந்தால், ஈனுவதற்கு நான்கு முதல் ஆறு வாரம் முன்பாகவே அதைப் புதிய இடத்தில் குடியேற்றிவிடுவது அவசியம். குட்டி தாயின் வயிற்றில் இருக்கும்போது நோயை எதிர்க்கும் பொருள் எதுவும் அதன் இரத்தத்துக்குப் போய்ச் சேர்வதில்லை. பிறந்தபின் குடிக்கும் சீம்பால் வழியாகத்தான் எல்லாம் கிடைக்கிறது. தாய் எந்த மண்ணில் சில வாரம் வாழ்ந்ததோ, அந்த மண்ணின் கிருமிகளுக்கு எதிரான சக்தியே அதன் சீம்பாலில் சேரும். கடைசி வாரத்தில் வண்டியில் ஏற்றி வருபவர்கள் இந்தப் பாதுகாப்பை இழந்துவிடுகிறார்கள். டெட்டனஸ் என்னும் ரண ஜன்னிக்கான தடுப்பூசியைத் தாய்க்குப் போடுவதும் இதே நான்கு முதல் ஆறு வார இடைவெளியில்தான். குதிரையை அளவுக்குமீறித் தாக்கும் நோய் அது, அதன் வித்துகள் மண்ணிலும் சாணத்திலும் எப்போதும் இருக்கின்றன என்பதால் இந்த ஊசியைத் தவறவிடவே கூடாது.

இரண்டாம் படி: கொட்டில்

ஈனுவதற்கான அறை ஒவ்வொரு பக்கமும் 14 அடிக்குக் குறையாமல் இருக்க வேண்டும். 16 அடி கிடைத்தால் மிகவும் நல்லது. தாய் படுத்து எழும்போது சுவருக்கும் அதன் உடலுக்கும் நடுவில் குட்டி நசுங்காதிருக்க இந்த இடம் தேவைப்படுகிறது. மாட்டுக் கொட்டிலில் வழக்கமாகப் போடும் கடப்பாக் கல் தரையும் வழவழப்பான சிமெண்ட் தரையும் குதிரைக்குட்டிக்கு ஆகவே ஆகாது. நீண்ட, மெல்லிய, நடுங்கும் கால்களோடு முதல்முறை எழ முயலும் குட்டி, ஈரமான கல்லில் நான்கு பக்கமும் கால் அகன்று விழும். செம்மண்ணும் கிராவலும் கலந்து கெட்டித்த தரை, அதன்மேல் முக்கால் அடி உயரத்துக்குக் காய்ந்த நீளமான வைக்கோல் என்பதே நம்மிடம் எளிதாகக் கிடைக்கும் நல்ல படுக்கை. மரத்தூள் வேண்டாம், ஈரமான மூக்கிலும் தொப்புளிலும் அது அப்பிக்கொள்ளும். மழையில் நனைந்து கருத்த வைக்கோலை மேலே காயவைத்துப் போடும் சிக்கனமும் வேண்டாம். அதிலிருந்து கிளம்பும் பூஞ்சைத் தூசி குட்டியின் நுரையீரலுக்கே போகும்.

கூரையைப் பற்றி ஒரு சொல். நம் கடற்கரை வெக்கைக்கு, ஓலையோ கீற்றோ வேய்ந்த கூரையும் மேலே காற்றுப் போக இடைவெளியும் தகரத்தைவிட எவ்வளவோ மேல். தகரம்தான் போட முடியும் என்றால் அதன்மேல் கீற்றைப் பரப்பி, நன்றாகக் கட்டுங்கள்.

இனி இந்தப் பகுதியின் முக்கியமான வேலை. கொட்டிலுக்குள் நின்றுகொண்டு பார்க்காமல், மண்டியிட்டுப் பாருங்கள். நின்ற நிலையில் குட்டியின் கண் நம் இடுப்புக்கு மேலே போகாது; படுத்தால் நம் முழங்கால் அளவுதான். அந்த உயரத்தில் கையை வைத்து, நான்கு சுவரையும் ஒரு சுற்றுத் தடவிக்கொண்டே வாருங்கள். நிற்கும்போது தெரியாத ஆணித்தலை, தீவனத் தொட்டியின் உடைந்த விளிம்பு, பழைய கட்டுக்கம்பியின் முனை, கதவுத் தாழ்ப்பாளின் நாக்கு எல்லாம் அப்போதுதான் உள்ளங்கையில் படும். நான் எங்கள் கொட்டிலில் இவ்வாறு தடவியபோது பதினேழு ஆணிகளைப் பிடுங்கினேன்; அவற்றில் ஒன்றுகூட அதுவரை என் கண்ணில் பட்டதில்லை. அதே நிலையில் குனிந்து மூச்சை இழுத்துப் பாருங்கள். மூத்திர நெடி கண்ணைக் கரித்தால், நாளில் பாதிக்கு மேல் படுத்துத் தூங்கும் குட்டி அதையேதான் மூச்சாக வாங்கும் என்று கொள்ள வேண்டும். படுக்கையை மாற்றி, காற்றோட்டத்துக்கு வழி செய்த பிறகே அறை தயாரானதாகக் கருதலாம்.

வைக்கோலை வலைப்பையில் தொங்கவிடும் பழக்கம் இருந்தால் குட்டி வரும்முன் அதை எடுத்துவிடுங்கள். காலைத் தூக்கி உள்ளே விட்டுக்கொள்ளும். தரையில் வைத்த அகலமான தண்ணீர்த் தொட்டியில் பிறந்த குட்டி விழுந்து மூழ்கக்கூடும். ஆகவே ஈனும் நாட்களில் தொட்டியை அகற்றி, தாயின் மார்பு உயரத்துக்குச் சுவரில் மாட்டிய வாளியில் தண்ணீர் காட்டுங்கள். மின்கம்பிகள் தாயின் வாய்க்கு எட்டாத உயரத்தில் குழாய்க்குள் செல்ல வேண்டும். மின்கசிவு ஏற்பட்டால் தானே நிறுத்தும் கருவியைப் பொருத்தாமல் கொட்டிலுக்கு விளக்கு இழுக்காதீர்கள்.

மூன்றாம் படி: வேலியும் கதவும்

முள்கம்பியை முழுவதுமாக அகற்றுங்கள். மாடு முள்கம்பியைக் கண்டு ஒதுங்கும். மிரண்டு ஓடும் குட்டி அதைப் பார்க்கவே பார்க்காது. அது தாயின் வயிற்றைப் பார்த்து ஓடுமே தவிர முன்னால் பார்த்து ஓடாது என்று, புதுச்சேரியில் ஜட்கா ஓட்டிய ஒரு பெரியவர் எனக்குச் சொன்னார். தாய் கடைசி நொடியில் திரும்பிவிடும், வெளிப்பக்கம் ஓடிய குட்டிதான் கம்பியில் போய் விழும். கடலோரக் குப்பங்களை ஒட்டிய தோட்டங்களில் பழைய மீன்வலையை வேலியாகக் கட்டும் வழக்கம் உண்டு. ஆட்டுக்கு அது உதவலாம். குதிரைக்குட்டியின் குளம்பு நைலான் வலையில் சிக்கினால், இழுக்க இழுக்க அது இறுகி எலும்புவரை அறுத்துவிடும் என்பதால், வலைத் துண்டு ஒன்றுகூடத் தோட்டத்தில் கிடக்கக் கூடாது.

நமக்கு வாய்த்த நல்ல வேலிப்பொருள் சவுக்குக் கழி. கடலூர்க் கரையோரத்து மணலில் விளையும் சவுக்கு பக்கத்திலேயே கிடைக்கிறது, நேராக இருக்கிறது, தூரத்திலிருந்தே குட்டியின் கண்ணுக்குத் தெரிகிறது. நாலரை முதல் ஐந்து அடி உயரம் வைத்து, குறுக்குக் கழிகளைக் கம்பத்தின் உட்புறமாக, அதாவது குதிரை நிற்கும் பக்கமாக அடிக்க வேண்டும். அப்போது ஓடிவந்து உரசும் தோள் கம்பத்தில் மோதாமல் கழியோடு வழுக்கிச் செல்லும். அடிக் கழிக்கும் தரைக்கும் நடுவே ஓரடிக்கு மேல் விடாதீர்கள். வேலியோரம் படுத்து உருளும் குட்டி அடிவழியாக வெளியே போய்விடும்; தாய் உள்ளேயும் குட்டி வெளியேயும் நின்றால், அடுத்த சில நிமிடத்தில் இரண்டும் வேலியில் பாயும். மூலைகளைச் செங்கோணமாக விடாமல், ஒரு கழியைச் சாய்வாக வைத்து மழுக்கிவிடுங்கள். கரையான் வராமல் கம்பத்தின் அடியைத் தீயில் கருக்கியோ தார் பூசியோ நடலாம். ஆனால் தார் மண்ணுக்குமேல் தெரியக் கூடாது, ஏனென்றால் பல் முளைக்கும் குட்டி எல்லாக் கழியையும் கடித்துப் பார்க்கும்.

கதவைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டியிருக்கிறது. எங்கள் தோட்டத்து இரும்புக் கதவுக்கும் செங்கல் தூணுக்கும் நடுவில் நான்கு விரல் அகலத்துக்கு ஓர் இடைவெளி இருந்தது. பன்னிரண்டு வருடம் மாடுகள் அந்த வழியாகப் போய் வந்தன. ஒன்றுக்கும் ஒன்றும் ஆகவில்லை. முதல் குட்டிக்கு ஒன்பது நாள் ஆனபோது, ஊர்த் திருவிழாவில் அதிர்வேட்டுப் போட்டார்கள். குட்டி துள்ளிப் பின்வாங்கியது. இடது பின்னங்கால் அந்த இடைவெளிக்குள் இறங்கியது. மிரட்சியில் அது முன்னே பாய்ந்தது. மூட்டிலிருந்து கணுக்கால்வரை தோல் உரிந்து தொங்கியது. கதவைக் கீலிலிருந்து கழற்றித்தான் காலை எடுத்தோம். இரண்டு மாதம் கட்டுப் போட்டு மாற்றி அது பிழைத்தது. தழும்பு இன்றும் இருக்கிறது, அந்தத் தூணைக் கடக்கும்போதெல்லாம் இன்றும் அது ஒதுங்கித்தான் நடக்கிறது. அந்த இடைவெளியை நான் ஒவ்வொரு நாளும் பார்த்திருந்தேன், அதை ஓர் ஆபத்தாக நினைக்கவில்லை. எனவே கதவு, தூண், சுவர், தொட்டி ஆகிய எந்த இரண்டு பொருளுக்கும் நடுவே உள்ள இடைவெளியை அளந்து பாருங்கள். இரண்டு விரலுக்கு மேல் நுழையக் கூடாது. அல்லது மாட்டிய காலும் தலையும் தடையின்றி வெளியே வரும் அளவுக்கு ஓரடிக்கு மேல் இருக்க வேண்டும். இவற்றுக்கு நடுப்பட்ட அளவுகள்தான் காலைப் பிடித்துக்கொள்பவை.

குட்டியை முதன்முதலில் வெளியே விடும் காலையில், தாயைக் கையில் பிடித்து வேலியோரமாகவே ஒரு சுற்று மெதுவாக நடத்துங்கள். குட்டி கூடவே வந்து எல்லையைத் தெரிந்துகொள்ளும். அதன்பின் தாயை அவிழ்த்துவிடலாம்.

நான்காம் படி: செடிகளும் மணலும்

தோட்டத்தையும் அதன் ஓரங்களையும் நடந்து பார்த்து, நச்சுச் செடிகளை வேரோடு களைய வேண்டும். முதலில் அரளி. சாலையோரத்திலும் வீட்டு வாசலிலும் பூவுக்காக வளர்க்கும் இந்தச் செடியின் இலை, பூ, தண்டு எல்லாமே குதிரையின் இதயத்தை நிறுத்தக்கூடியவை. காய்ந்த இலைக்கும் அதே வீரியம் உண்டு. ஊர்வலத்துக்குப் போகும் குதிரைகளுக்கும் ஐயனார் கோயில் விழாக்களில் நிற்கும் குதிரைகளுக்கும் அன்பினால் செவ்வரளி மாலையைச் சூட்டுபவர்கள் இருக்கிறார்கள். தாயின் கழுத்தில் தொங்கும் மாலையைத்தான் குட்டி முதலில் வாயில் வைக்கும். மண்குதிரைக்குச் சூட்டுங்கள், உயிர்க்குதிரைக்கு வேண்டாம் என்று கைகூப்பிக் கேட்டுக்கொள்கிறேன்.

ஆமணக்கின் விதை மிகக் கொடிய நஞ்சு. ஊமத்தை, எருக்கு, உண்ணிச்செடி ஆகியவற்றையும் விடக் கூடாது. ஏரி, வாய்க்கால் கரைகளில் ஊதாப் பூவோடு புதராக மண்டிக் கிடக்கும் நெய்வேலி காட்டாமணக்கு, நம் மாவட்டத்து ஊரின் பெயரையே தாங்கியிருப்பதாலோ என்னவோ, யாருக்கும் அயலாகத் தோன்றுவதில்லை. தொடர்ந்து தின்றால் கால்நடைகளின் நரம்பைக் கெடுத்துத் தள்ளாட வைக்கும் செடி அது. கோடையில் வேறு பச்சை இல்லாதபோது குதிரைகள் அதைக் கடிக்கத் தொடங்கும். பண்ருட்டிப் பக்கம் முந்திரித்தோப்பில் குதிரையை விடுபவர்கள், கொட்டை உதிரும் பருவத்தில் மட்டும் அங்கே விடாதிருப்பது நல்லது. முந்திரிக்கொட்டையின் ஓட்டில் உள்ள எண்ணெய் வாயையும் தோலையும் புண்ணாக்கும்.

இனி மணல். கடலோரத்தில் குதிரை வளர்ப்பவர்களுக்கு இதைவிடப் பெரிய மறைமுகமான எதிரி கிடையாது. தரையில் சிந்திய தீவனத்தைப் பொறுக்கும்போதும் கட்டைப் புல்லை வேரோடு பறிக்கும்போதும் மணல் வயிற்றுக்குள் போகிறது. பெருங்குடலில் தங்கிப் படிந்து, கடைசியில் குடலை அடைத்து வயிற்றுவலியை உண்டாக்குகிறது. குட்டிகள் விளையாட்டாகவே மண்ணைத் தின்னும். ஆகவே தீவனத்தை மணலில் கொட்டாமல், பக்கத்துக்கு ஆறடி உள்ள சிமெண்ட் தளம் ஒன்று போட்டு, அதன்மேல் அகலமான தொட்டி வைத்துக் கொடுங்கள். தளத்தை நாள்தோறும் பெருக்குங்கள்.

வயிற்றில் மணல் சேர்கிறதா என்று வீட்டிலேயே பார்க்க முடியும். தாய் சாணம் போட்டவுடன், மண்ணில் படாத மேல் உருண்டைகளில் ஐந்தாறு எடுத்து, கண்ணாடி போன்ற பிளாஸ்டிக் பையில் இட்டு, தண்ணீர் ஊற்றிக் கலக்கி, பையின் ஒரு மூலை கீழே வரும்படி ஓர் ஆணியில் தொங்கவிடுங்கள். இருபது நிமிடத்தில் நார் எல்லாம் மேலே நிற்கும். கீழ் மூலையில் விரலால் நெருடினால் நறநறவென்று மணல் தட்டுப்படும். ஒரு தேக்கரண்டி அளவுக்கு மணல் இறங்கியிருந்தால் மருத்துவரைக் கேட்க வேண்டிய நேரம் வந்துவிட்டது. மாதம் ஒருமுறை தாய்க்கும், திடத்தீவனம் தின்னத் தொடங்கிய குட்டிக்கும் இதைச் செய்யுங்கள்.

ஐந்தாம் படி: ஈனும் இரவும் முதல் நாளும்

குதிரைகள் பெரும்பாலும் இரவில்தான் ஈனும்; ஆளரவம் இருந்தால் தள்ளிப்போடவும் செய்யும். எனவே பார்க்க வருபவர்களை நிறுத்திவிட்டு, ஒருவர் மட்டும் சற்றுத் தள்ளி அமைதியாக இருந்து கவனிப்பது போதும். சுத்தமான துணிகள், கடிகாரம், விளக்கு, தொப்புளுக்கான மருந்து, கால்நடை மருத்துவரின் எண் ஆகியவை கையெட்டும் தூரத்தில் இருக்க வேண்டும். மருத்துவரிடம் முன்பே பேசி வைத்திருப்பது மிக அவசியம், ஏனென்றால் நம் பகுதி மருத்துவர்கள் நாள்தோறும் பார்ப்பது மாடும் ஆடும்தான். புதுச்சேரியில் குரும்பாபேட்டில் ராஜீவ் காந்தி கால்நடை மருத்துவக் கல்வி மற்றும் ஆராய்ச்சி நிறுவனம் இருக்கிறது. கடலூர்ப் பக்கத்தில் 1962 என்ற எண்ணில் கால்நடை அவசர ஊர்தியை அழைக்கலாம்.

வெண்ணிறமான மெல்லிய பையோடு முன்னங்கால்களும் மூக்கும் வருவதுதான் இயல்பு. அதற்குப் பதிலாகச் சிவந்த, வெல்வெட் போன்ற பை முதலில் தெரிந்தால், மருத்துவருக்காகக் காத்திராமல் உடனே அதைக் கிழித்துவிட வேண்டும். உள்ளே குட்டிக்குக் காற்று நின்றுபோயிருக்கும். தொப்புள்கொடியைக் கன்றுக்குச் செய்வதுபோல் கட்டி அறுக்காதீர்கள். தாய் எழும்போது அது தானாகவே அறும்.

அதன்பின் கடிகாரத்தைப் பாருங்கள். ஒரு மணி நேரத்துக்குள் குட்டி எழுந்து நிற்க வேண்டும். இரண்டு மணி நேரத்துக்குள் பால் குடிக்க வேண்டும். மூன்று மணி நேரத்துக்குள் தாய்க்கு நஞ்சுக்கொடி முழுதாக விழ வேண்டும். இவற்றில் ஒன்று தவறினாலும், விடியட்டும் என்று இருக்காமல் மருத்துவரை எழுப்புங்கள். குட்டியின் குடல் சீம்பாலின் எதிர்ப்புச் சக்தியை ஏற்றுக்கொள்ளும் காலம் ஏறத்தாழ ஒரு நாள்தான், அதிலும் முதல் ஆறு மணி நேரம்தான் சிறந்தது. பசுவின் சீம்பாலில் நாம் இனிப்புச் செய்து பக்கத்து வீடுகளுக்குக் கொடுத்தாலும் கன்றுக்கு மிச்சம் இருக்கும். குதிரையின் மடியில் அவ்வளவு இருப்பதில்லை, ஒரு சொட்டையும் கறக்காதீர்கள். பிறந்த 12 முதல் 24 மணி நேரத்துக்குள் குட்டியின் இரத்தத்தைச் சோதித்தால், சக்தி போதுமான அளவு சேர்ந்திருக்கிறதா என்று மருத்துவர் சொல்லிவிடுவார்.

தொப்புள் தண்டை 0.5 சதவீதக் குளோர்ஹெக்சிடின் கரைசலிலோ மருத்துவர் சொல்லும் நீர்த்த அயோடினிலோ ஒரு சிறு கிண்ணத்தில் நனைத்து எடுக்க வேண்டும். நாளுக்கு மூன்று நான்கு முறை, இரண்டு மூன்று நாள். மஞ்சளும் சாம்பலும் சாணமும் அந்த இடத்தில் படவே கூடாது. கருத்த, பிசினான முதல் மலம் ஒரு நாளுக்குள் வெளியேறியதா என்றும் பாருங்கள்.

அடுத்த நாட்களில் ஒரு குறியை மட்டும் மனத்தில் நிறுத்திக்கொண்டால் பல குட்டிகள் பிழைக்கும். தாயின் மடி புடைத்து, காம்பில் பால் சொட்டி, குட்டியின் நெற்றியிலும் மூக்கிலும் அந்தப் பால் காய்ந்து கோடாக இருந்தால், அது மடிக்குக் கீழே நிற்கிறதே தவிரக் குடிக்கவில்லை என்று பொருள். நோயின் முதல் அடையாளம் பெரும்பாலும் இதுதான். உடல்வெப்பம் 99 முதல் 102 டிகிரி ஃபாரன்ஹீட்டுக்குள் இருக்கிறதா என்று பார்த்துவிட்டு, உடனே மருத்துவரை அழையுங்கள்.

ஆறாம் படி: கயிறு

குட்டியைக் கழுத்துக் கயிற்றில் கட்டாதீர்கள். மாட்டுக்காரர்களாகிய நம் கை தானாகவே கயிற்றைத் தேடும் என்பதால்தான் இதைத் தனிப் படியாக எழுதுகிறேன். கட்டப்பட்ட குட்டி பின்னோக்கி இழுக்கும், எம்பும், மல்லாந்து விழும். பின்மண்டை தரையில் மோதினால் அத்துடன் முடிந்தது. முகக்கயிற்றைப் பழக்கலாம், ஆனால் நாம் கூட இருக்கும்போது மட்டும். பழக்கி முடித்ததும் கழற்றிவிட வேண்டும். பின்னங்காலால் காதைச் சொறியும் குட்டியின் குளம்பு அதில் மாட்டிக்கொள்ளும். முதல் வாரங்களில் குட்டியை நகர்த்த ஒரு கையை மார்பின் முன்னும் மறுகையைப் பின்தொடையின் பின்னும் வைத்து அணைத்து நடத்துவதே போதும்.

ஏழாம் படி: தீவனமும் தண்ணீரும்

கோழித் தீவனத்திலும் சில மாட்டுத் தீவனக் கலவைகளிலும் சேர்க்கும் மோனென்சின் என்னும் மருந்து, மாட்டுக்கும் கோழிக்கும் நன்மை செய்வது, குதிரையைக் கொல்வது. ஆகவே அந்த மூட்டைகளைக் குதிரைக் கொட்டிலில் அடுக்கவே கூடாது. அவற்றை அள்ளிய முறத்தையும் வாளியையும்கூடக் குதிரைக்குப் பயன்படுத்தாதீர்கள். மல்லாட்டைக் கொடியையும் புண்ணாக்கையும் பூஞ்சை பூத்திருந்தால் எறிந்துவிடுங்கள்.

தவிட்டில் எரியம் என்னும் பாஸ்பரஸ் அதிகம், சுண்ணாம்புச் சத்து குறைவு. கோ-4 போன்ற நேப்பியர் புல்லில் உள்ள ஆக்சலேட் இருக்கும் சுண்ணாம்பையும் கட்டிப்போட்டுவிடும். இந்த இரண்டை மட்டுமே நம்பி வளரும் குட்டியின் எலும்பு பலவீனமாகும். இதற்கு ஈடாகக் குதிரை மசால், பெயருக்கேற்றபடியே, மிக நல்லது; கிடைக்காத இடத்தில் வேலி மசாலும் அருகம்புல்லும் சேர்த்துக் கொடுத்து, தாது உப்பை மருத்துவர் சொல்லும் அளவில் கலக்கலாம். பால் கொடுக்கும் தாய் நம் வெயிலில் நாளுக்கு 50 லிட்டருக்கு மேலும் குடிக்கும். கடலோர ஆழ்துளைக் கிணறுகளில் உப்பு ஏறியிருந்தால் அது குறைவாகக் குடித்து, பாலும் குறையும் என்பதால், நீங்களே வாயில் விட்டுப் பார்த்து உவர்க்காத தண்ணீரைக் கொடுங்கள்.

தெருநாய்களைத் தடுக்க வேலியின் அடிப்பகுதியில் இரண்டங்குலக் கண்ணுக்கு மிகாத கெட்டியான கம்பிவலையை, முனைகள் நீட்டாமல் அடியுங்கள். சாணத்தை நாள்தோறும் அள்ளினால் ஈயும் புழுவும் பாதியாகக் குறையும். குட்டிக்கு முதல் குடற்புழு மருந்து இரண்டு மாத வயதில், எடைக்கேற்ற அளவில். புதிய குதிரை எதையும் கிளாண்டர்ஸ் என்னும் குதிரைத் தொற்றுநோய்க்கான இரத்தச் சோதனை முடியாமல் உள்ளே சேர்க்காதீர்கள்; அது மனிதருக்கும் தொற்றும்.

எட்டாம் படி: புயலுக்கு முன்

2011 டிசம்பர் 30 அன்று தானே புயல் கடலூருக்கும் புதுச்சேரிக்கும் நடுவே கரையேறியபோது பலாவும் முந்திரியும் வேரோடு சாய்ந்ததை நம் பகுதியில் யாரும் மறக்கவில்லை. 2024 நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரையைக் கடந்தபோது, 24 மணி நேரத்தில் அங்கே ஏறத்தாழ 48 செ.மீ. மழை கொட்டியது. புயல் போய்விட்டது என்று மூச்சுவிட்ட பிறகு, சாத்தனூர் அணையிலிருந்து திறந்த நீர் தென்பெண்ணையில் வந்து ஊர்களைச் சூழ்ந்தது. ஆகவே கொட்டிலின் தரை சுற்றுப்புறத்தைவிடக் குறைந்தது இரண்டடி உயர்ந்திருப்பதும், தாயும் குட்டியும் போய் நிற்கக்கூடிய மேட்டு நிலம் ஒன்றை ஐப்பசிக்கு முன்பே பார்த்து வைப்பதும் வேண்டும். அந்த வழியில் இருவரையும் ஒன்றிரண்டு முறை பகலில் நடத்திப் பழக்கியிருந்தால், இருட்டில் மழையில் அடம்பிடிக்க மாட்டார்கள்.

கூரைத் தகடு கொக்கி போல்ட்டால் இறுக்கப்பட்ட கெட்டியான கட்டடம் என்றால் உள்ளே வைக்கலாம். ஆடும் தகடும் அருகில் தென்னையும் இருந்தால், மரமும் மின்கம்பியும் இல்லாத மேட்டுத் திறந்தவெளியே பாதுகாப்பு. பறந்து வரும் தகரத்தைவிட மழையில் நனைவது மேல். எப்படியிருந்தாலும் கட்டிப்போடாதீர்கள். ஒரு வாரத் தீவனத்தைப் பரண்மேல் ஏற்றி, மின்சாரம் நின்றாலும் போதும்படி தண்ணீரைப் பிடித்து வையுங்கள். வெள்ளம் வடிந்ததும் குட்டியை வெளியே விடும்முன், மூன்றாம் படியிலும் நான்காம் படியிலும் சொன்ன சுற்றை முழுதாக மறுபடி நடந்து பாருங்கள். எங்கிருந்தோ அடித்து வந்த கம்பியும் வலையும் உடைந்த ஓடும் சேற்றுக்குள் கிடக்கும்.

பால் மறக்கும்போது

ஐந்து, ஆறு மாதத்தில் பால் மறக்கடிக்கலாம். அப்போது குட்டியை வேறிடத்துக்குக் கொண்டுபோகாமல், அது அறிந்த வேலிக்குள்ளேயே விட்டுவிட்டுத் தாயைக் கூப்பிடு தூரத்துக்கு அப்பால் கொண்டுசெல்லுங்கள். குட்டி இரண்டு மூன்று நாள் கனைத்துக்கொண்டே வேலியோரம் ஓடும். பிறந்ததிலிருந்து அது வேலியை மிக அதிகமாகச் சோதிக்கும் நாட்கள் இவைதான் என்பதால், முந்தைய நாளே ஒவ்வொரு கழியையும் கையால் ஆட்டிப் பாருங்கள். துணைக்கு இன்னொரு குட்டியோ வயதான சாந்தமான குதிரையோ, எதுவும் இல்லையென்றால் ஓர் ஆடோ கூட இருக்க வேண்டும். தாய்க்குத் தடுப்பூசி முறையாகப் போட்டிருந்தால், குட்டிக்கு ரண ஜன்னி, வெறிநோய் ஆகியவற்றுக்கான முதல் ஊசிகளும் ஏறத்தாழ இந்தக் காலத்தில்தான் வரும். பால் மறக்கடிக்கும் அதே வாரத்தில் அவற்றைப் போடாமல், இரண்டு வாரமாவது முன்னேயோ பின்னேயோ தள்ளி வைத்துக்கொள்ளுங்கள்.